நள்ளிரவில் வெயில் காட்டி 48,000 ரூபாவைச் சுருட்டிவிட்டார்கள். கவனம்!

48,000 ரூபா. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வாங்கியவர்களுக்கு அது ஒரு தொகையாகவே தெரியவில்லை.

கிளிநொச்சியில் சிறிய கட்டட வரைபட அலுவலகம் நடத்துகிறேன். ஏ9 வீதியோரம் உள்ள இரண்டு மாடிப் பயிற்சி நிலையம் ஒன்றுக்குக் கூரைச் சோலாரும் பற்றரியும் போட உரிமையாளர் விரும்பினார். எவ்வளவு பற்றரி வேண்டும் என்பதை மாத மின் கணக்கு சொல்லாது. பகலில் எவ்வளவு, பொழுது சாய்ந்த பிறகு எவ்வளவு என்று மணிக்கு மணி தெரிய வேண்டும். கட்டடத்தின் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, வருடத்தின் 8,760 மணித்தியாலங்களுக்கும் எவ்வளவு மின்சாரம் போகும் என்று கணக்கெடுத்துத் தரக்கூடிய ஆளைத் தேடி, இணையத்தில் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் தளம் ஒன்றுக்குப் போனேன்.

ஆள் விஷயம் தெரிந்தவர். அதுதான் வயிற்றெரிச்சல். கூரை ஓடா, தகரமா? மேற்குச் சன்னலில் விறாந்தை நிழல் விழுகிறதா? சோளகம் அடிக்கும் மாதங்களில் சன்னல்களைத் திறந்து வைப்பார்களா? இப்படியெல்லாம் கேட்பவரை யார் சந்தேகிப்பார்கள்? "தங்கச்சி, யோசிக்க வேண்டாம், எனர்ஜிபிளஸில் ஓட்டித் தருகிறேன்" என்றார். கட்டடத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகும் என்று கணிக்கும் மென்பொருள் அது. கட்டடத்தின் மாதிரியைத் திரையில் சுழற்றியும் காட்டினார்.

எக்செல் கோப்பு வந்தது. 8,760 வரிகள், சரி. மாதக் கூட்டுத்தொகைகளும் நம்பும்படி இருந்தன. தளம் பிடித்து வைத்திருந்த பணத்தை விடுவிக்கும்படி அவர் அவசரப்படுத்தினார். மென்பொருள் உரிமத்துக்குக் கட்ட வேண்டுமாம். விடுவித்தேன். எனர்ஜிபிளஸுக்கு உரிமக் கட்டணமே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை ஒரு நாளை மட்டும் எடுத்து வரைபடம் போட்டேன். காற்றில்லாத நாளில் இரணைமடுக் குளம் கிடப்பதுபோல ஒரே மட்டம். பிற்பகல் 2 மணிக்கும் அதிகாலை 2 மணிக்கும் ஏசி ஒரே அளவு மின்சாரம் குடிக்கிறது. பூட்டிக் கிடக்கும் ஞாயிறும் ஆட்கள் நிறைந்த திங்களும் ஒன்று. சன்னல் வழியே வரும் சூரிய வெப்பத்துக்கான நிரலை, அதாவது கோப்பில் மேலிருந்து கீழே போகும் வரிசையை, பார்த்தேன்: நள்ளிரவு 12 மணிக்கும் வெயில்! மாதத் தொகையை அந்த மாதத்தின் மணித்தியாலங்களால் வகுத்து, கடைசித் தசமத்தை மட்டும் அங்குமிங்கும் கலைத்து நிரப்பியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் சரி வரத்தானே செய்யும்? இந்த வகுத்தல் கணக்குக்கு 48,000 ரூபா.

கேட்டேன். மென்பொருள் சராசரியைத்தான் காட்டும் என்றார். அடுத்த முறை, என் எக்செல் பழையது, எல்லா வரிகளையும் திறக்காது என்றார். 2003 பதிப்பே 65,536 வரி தாங்கும், ஐயா! பிறகு பயணத்தில் இருந்தார். அதற்கும் பிறகு வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்.

தளத்தின் உதவிப் பிரிவு இதைவிட மோசம். கோப்பு ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள், வேலை நிறைவு. ஆள் மாறினாலும் பதில் மாறவில்லை. நள்ளிரவு வெயில் உள்ள வரியைப் படம் பிடித்து அனுப்பினேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றார்கள். எனக்கு எங்கே பொறுமை இருந்தது? போதாக்குறைக்கு, அந்த ஆளுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு மின்னஞ்சல்.

இதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வழிகளை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. எக்செல் கோப்பை மட்டும் வாங்காதீர்கள். மென்பொருளுக்குக் கொடுத்த உள்ளீட்டுக் கோப்பையும் அது எழுதிய பிழை அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். எனர்ஜிபிளஸ் மணிக்கு மணி மின்சாரத்தை வழக்கமாக ஜூலில்தான் தரும், 36 இலட்சம் ஜூல் ஒரு யூனிட். எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், தடுமாறினால் விலகுங்கள். பணத்தை விடுவிக்க முன்னர் இரவு வரிகளைத் திறந்து பாருங்கள். சூரிய வெப்ப நிரலில் அங்கே பூச்சியம் இல்லையென்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.