குவிமாடமே மூடியான மைக்கூடு

பாரிஸ் நகரத்து இன்வாலிட் தேவாலயத்தைச் சாண் உயரத்துக்குச் சுருக்கி வார்த்த பழைய மைக்கூடு ஒன்று சென்ற மாதம் அஞ்சலில் என் கைக்கு வந்தது. புகழ்பெற்ற கட்டடங்களின் வடிவில், பயணிகள் நினைவுப்பொருளாக வாங்கிச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட மைக்கூடுகளை நீண்ட காலமாகச் சேர்த்து வருகிறேன். அவற்றுள் கட்டடமும் கருவியும் இவ்வளவு இயல்பாக ஒன்றிய பொருள் வேறொன்று என்னிடம் இல்லை. அதே நகரத்து நினைவுத்தூணான வாந்தோம் தூணையோ ஈஃபில் கோபுரத்தையோ எடுத்துக்கொண்டால் அந்த மெலிந்த உருவத்துக்குள் மைக்கு இடமிருக்காது. ஆகவே பீடத்தின் ஓரத்தில் தனியே ஒரு கிண்ணத்தைப் பொருத்திவிடுவார்கள். இங்கோ, 1706-இல் கட்டி முடிக்கப்பட்ட, 107 மீட்டர் உயரமுள்ள அந்தத் தேவாலயத்தின் குவிமாடமே மூடியாகிவிட்டது.

நகத்தால் மெல்ல நெம்பினால், பின்புறத்துக் கீலில் குவிமாடம் சாய்ந்து திறக்கிறது. உள்ளே கண்ணாடிக் கிண்ணம், அதன் அடியில் பழுப்பேறிக் காய்ந்த மை. மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த அக்காலத்து மையில் அமிலம் உண்டு. அது உலோகத்தை அரித்துவிடும் என்பதால்தான் கண்ணாடியோ பீங்கானோ உள்ளே வைத்தார்கள். பழைய மைக்கூடுகளில் முதலில் காணாமற்போவதும் இந்தக் கிண்ணம்தான். இதில் அது விளிம்புகூடச் சிதையாமல் இருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

குறை சொல்ல வேண்டியது விற்றவரைப் பற்றி. வெண்கலம் என்று எழுதியிருந்தார். அடிப்புறத்துக் கீறலிலோ மஞ்சளுக்குப் பதில் சாம்பல் நிறம் தெரிகிறது. இது வெண்கலப் பூச்சிட்ட துத்தநாக வார்ப்பு. ஏறக்குறைய 420 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகும் துத்தநாகத்தைக் கொண்டு நுணுக்கமான உருவங்களை மலிவாக வார்க்க முடிந்தது என்பதால் அந்த உலோகத்தை நான் தாழ்வாக எண்ணவில்லை. ஆனால் அது எளிதில் முறியும். உச்சிக் கூம்பு ஒருமுறை முறிந்து ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் விற்றவர் காட்டிய எந்தப் படத்திலும் இல்லை.

எனினும் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சேகரிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் அடிப்புறம், திறந்த மூடி, உச்சி ஆகிய மூன்றின் படங்களையும் கேட்டுப் பெறுங்கள். வாங்கிய பின் பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். மெல்லிய பூச்சு போய்விட்டால் துத்தநாகம் வெளியே தெரியும்.