டிஎஸ்எல்ஆருக்குத் துணையாக ஒரு காம்பாக்ட்: ரிக்கோ ஜிஆர் 3-ஆ, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ?

லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆரில் ஒன்று கேனான் 5டி மார்க் 4. அதன் பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து, 890 கிராம். அதில் 24-70 எஃப்2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸை மாட்டினால் இன்னும் 805 கிராம். வேலைக்கு இந்தக் கனம் பரவாயில்லை; வேலை இல்லாத நாளில் அது அலமாரியிலேயே தங்கிவிடும். துணைக்கு ஒரு கேமரா தேடும்போது பலரும் ஜூம், வியூஃபைண்டர், பெரிய சென்சார், ஹாட்ஷூ (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) என டிஎஸ்எல்ஆரில் இருப்பதையே மறுபடி கேட்கிறார்கள். கேனான் ஜி1எக்ஸ் மார்க் 3-ல் (2017) இவை எல்லாமே உண்டு. ஆனால் 399 கிராம். ஜூமை 72 மி.மீ.க்கு இழுத்தால் எஃப்5.6 தான்; எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். சட்டைப் பைக்குள் போகாது, டிஎஸ்எல்ஆர் இடத்தையும் நிரப்பாது.

டிஎஸ்எல்ஆர் செய்யாததைச் செய்யும் கேமராதான் துணைக்குத் தேவை. அந்த வகையில் முதலிடம் ரிக்கோ ஜிஆர் 3-க்கு (2019). பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது, 1 இன்ச்சைவிடப் பெரியது), 24 மெகாபிக்சல், 28 மி.மீ.க்கு இணையான எஃப்2.8 லென்ஸ். 28 அகலம் ஒத்துவராதவர்களுக்கு 40 மி.மீ.க்கு இணையான ஜிஆர் 3எக்ஸ் (2021) இருக்கிறது.

ஜிஆரின் பெரிய பலம் ஸ்னாப் ஃபோகஸ், அதாவது முன்கூட்டியே குறித்த தூரத்தில் ஃபோகஸை நிறுத்தும் வசதி. தூரத்தை 2 மீட்டரில் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளையை) எஃப்8 ஆக்கிவிட்டால், சுமார் 1 மீட்டரிலிருந்து தொலைவு வரை போதிய தெளிவு கிடைக்கும். பட்டனை ஒரே அழுத்தாக முழுதும் அழுத்தினால் ஆட்டோஃபோகஸுக்குக் காத்திராமல் படம் விழும். அரையிருட்டில் ஜிஆரின் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பதால் இந்த வசதி அங்கேயும் கைகொடுக்கும். அப்பர்ச்சரைத் திறக்கும்போது தெளிவான பரப்பு சுருங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் மிகக் குறைவு. டிஎஸ்எல்ஆரில் ஃபிளாஷ் சிங்க், அதாவது ஃபிளாஷோடு சாதாரணமாக ஒத்துப்போகும் ஷட்டர் வேகம், 1/200, 1/250 நொடி அளவில் நின்றுவிடும். இதில் அந்தத் தடை இல்லை. ஹாட்ஷூவில் ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் சாதாரண ட்ரிகரை மாட்டி, கையிலிருக்கும் ஃபிளாஷையே மேனுவலில் அடிக்கலாம். எஃப்2.8-ல் ஷட்டர் வேகம் 1/2500-ஐத் தாண்டாது; சுள்ளென்ற வெயிலில் உள்ளிருக்கும், ஒளியைக் குறைக்கும் 2 ஸ்டாப் என்டி ஃபில்டரைப் போட்டுக்கொள்ளலாம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது).

குறைகளும் சின்னவை அல்ல. வியூஃபைண்டர் கிடையாது, திரை மடங்காது, மழைக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரு சார்ஜுக்கு 200 படம் என்பது கம்பெனிக் கணக்கு. கூடுதலாக இரண்டு பேட்டரி இல்லாமல் ஒரு முழு நாளுக்கு இதை நம்பக் கூடாது.

தூரத்தை இழுக்க வேண்டியவருக்கு சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (2019). 302 கிராமில் 24-200 ஜூம், மேலெழும்பும் வியூஃபைண்டர், ஆளை விடாமல் பின்தொடரும் ஆட்டோஃபோகஸ். அதன் 1 இன்ச் சென்சாரின் பரப்பு 116 சதுர மி.மீ.; 5டி போன்ற ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது 864. வித்தியாசம் ஏறக்குறைய 3 ஸ்டாப். எஃப்2.8 அகல முனையில் மட்டும்தான், நீள முனையில் எஃப்4.5. பகலில் அருமையான கேமரா. விளக்கு வெளிச்சத்தில் டிஎஸ்எல்ஆர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரடு) காட்டிக்கொடுத்துவிடும். ஹாட்ஷூவும் இல்லை. ஆகவே ஜூம் கட்டாயம் என்றால் மட்டும் இது, மற்றவர்களுக்கு ஜிஆர்.

எதை வாங்கினாலும் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நேரப்படி அடுக்கும்போது படங்கள் முன்பின்னாகக் கலந்துவிடும். மறந்துபோனால், ஒரு கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து எடுத்த நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு மாதிரி. இடம் மாறும்போதெல்லாம் இரண்டிலும் ஒரு கிரே கார்டை (நிறம் ஒப்பிட உதவும் சாம்பல் அட்டை) படம் எடுத்து வைத்தால் நிறம் சேர்ப்பது சுலபம். ஜிஆரின் ரா ஃபைல் (சென்சார் பதிவு செய்த பதப்படுத்தாத தரவு) டிஎன்ஜி என்ற பொது வடிவத்தில் வருவதால் பழைய லைட்ரூமிலும் திறக்கும். சோனியின் ரா ஃபைலுக்கு மென்பொருள் அந்த மாடலை அறிந்திருக்க வேண்டும்.

பயன்படுத்திய ஜிஆர் வாங்கினால் தூசியைப் பாருங்கள். எஃப்16-ல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் படமெடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். முதலில் மெனுவில் இருக்கும் தூசி நீக்கும் வசதியை ஓட்டிவிட்டு மறுபடி எடுக்கவும். அப்போதும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். லென்ஸைக் கழற்ற முடியாததால், முழுதும் பிரித்துத்தான் துடைக்க வேண்டியிருக்கும்.