ரங்கூனில் மைக்செட் மிக்சர் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மைக்செட் தொழில் செய்பவர்களும், கோயிலுக்கு மிக்சர் வாங்கி வைத்திருப்பவர்களும் என்னைப் போல ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை.

எங்கள் கோயில் மிக்சர் பன்னிரண்டு சேனல். உள்ளே முழுக்க சத்தத்தைப் பெருக்கும் டிஎல்074 ஐசி (சின்னச் சில்லு). ஆடி மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஜெனரேட்டர் எகிறி, சத்தம் நின்றுவிட்டது. டவுனில் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். நம் தமிழ் ஆள், என் மாமனார் காலத்துப் பழக்கம். "மைனஸ் ரெகுலேட்டர் போயிருச்சுண்ணே, 7915 மாத்தணும்" என்றார். அது உண்மைதான். மிக்சருக்கு பிளஸ் 15, மைனஸ் 15 என்று இரண்டு வோல்ட் லைன் வேண்டும், மைனஸ் லைனைச் சீராகத் தருவதுதான் 7915. 40,000 சாட் (பர்மா பணம்) கொடுத்து வாங்கி வந்தேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இங்கே கரண்ட் முறை வைத்து வருவது எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது சில நேரம் மிக்சர் 'டொம்' என்று ஒரு அடி அடித்துவிட்டு ஊமையாகிவிடும். முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் நன்றாகப் பாடும். கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமை, பூசாரி அர்ச்சனை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இப்படி ஆனது. பெட்டியின் மேல் கை வைத்தேன். ஒரு மூலை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. வெளியே பந்தலில் இருந்த சனத்துக்கு அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். "ஐசி போச்சு" என்று மூன்று ஐசி மாற்றி 60,000 வாங்கினார். அவர் மேசையில் போட்டால் ஒரு குறையும் தெரியாது. கோயிலுக்கு வந்து நாலாம் நாள் அதே கதை. அடுத்த முறை "எல்லா ஐசியும் மாத்தினாத்தான் நிக்கும்" என்றார். 1,50,000 சாட். கோயில் உண்டியல் காசு. கொடுத்தேன். ஒரே வாரம்தான் ஓடியது.

கடைசியில் ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான தன்லினில் இருக்கும் மாமா ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ரேடியோ காலத்து மெக்கானிக். அவர் ஐசியைத் தொடவே இல்லை. "கரண்ட் எப்படி வரும்போது இது மக்கர் பண்ணுது?" என்று மட்டும் கேட்டார். ஜெனரேட்டர் கிளப்பும்போதும், வோல்டேஜ் தள்ளாடி வரும்போதும் என்றேன். திருகு வைத்த பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றில் மாட்டி, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மீட்டரின் கறுப்பு முனை சேசிஸில் (பெட்டியின் இரும்பு உடல், அதுதான் கிரவுண்டு), சிவப்பு முனை மைனஸ் லைனில். அங்கே மைனஸ் 15 வோல்ட் காட்ட வேண்டும். பிளஸ் 1.2 காட்டியது. என்னைக் கூப்பிட்டு, "பாருப்பா, மைனஸ் லைன்ல பிளஸ் ஏறி உக்காந்திருக்கு" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். வோல்டேஜ் மெதுவாக ஏறும்போது பிளஸ் 15 முதலில் எழுந்துவிடுகிறது. அந்தக் கரண்ட் ஐசிகளின் வழியாக இறங்கி, இன்னும் எழாத மைனஸ் லைனை கிரவுண்டுக்கு மேலே தூக்கிவிடுகிறது. வெளிமுனையில் எதிர் வோல்டேஜ் நிற்பதால் 7915 கிளம்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறது. ஐசியின் அடித்தளம் மைனஸ் லைனோடு சேர்ந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து நிற்க வேண்டும். அது கிரவுண்டுக்கு மேலே போனால், உள்ளே திறக்கவே கூடாத சந்திகள் திறந்து கரண்ட் பாய்கிறது, ஐசி சுடுகிறது. கரண்டை நிறுத்தும்வரை அந்தப் பூட்டு விடாது. இதற்கு லாட்ச்-அப் என்று பெயர். டிஎல்074க்கு இன்னொரு குணமும் உண்டு. இன்புட் மைனஸ் லைனுக்கு மிக அருகில் போனாலே அவுட்புட் தலைகீழாகப் புரண்டு பிளஸ் பக்கம் அடிக்கும். நாங்கள் கேட்ட 'டொம்' அதுதான். சிவப்பு விளக்கு பிளஸ் லைனில் இருப்பதால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் மேசையில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. அங்கே இரண்டு லைனும் ஒன்றாக எழுந்துவிடும், கோளாறு வெளியே வராது.

இப்படி ஆகாமல் இருக்க ஒவ்வொரு ரெகுலேட்டரின் வெளிமுனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், கரண்டை ஒரே பக்கம் விடும் டையோடு ஒன்றை எதிர்த்திசையில் போடுவார்கள். லைன் தவறான பக்கம் ஏறினால் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மாமா லென்ஸ் வைத்துப் பார்த்தார். போர்டில் டையோடு படம் அச்சடித்த இரண்டு இடமும் காலி. ஒரு ஓட்டையில் வெட்டிய கால் துண்டு ஒன்று பளபளவென்று நின்றது. 7915 மாற்றும்போது கழற்றியிருக்கிறார்கள், திரும்பப் போடவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு டீ காசுகூட வராத 1என்4007 டையோடு. அதற்காக நான் 2,10,000 சாட் அழுதிருக்கிறேன்.

புதிதாகப் போட்ட ஐசிகளையும் பார்த்தோம். தின்னர் தொட்டுத் துடைத்தால் மேல் எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் சுரண்டிய தடம். போலி ஐசி. பழைய ஐசி எதையும் கடைக்காரர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் தப்பு.

கடையில் போய்க் கேட்டேன். "அது சும்மா பாதுகாப்புக்குப் போடுறதுண்ணே, இல்லாமலும் ஓடும்" என்றார். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் உள்ளே போய்விட்டார்.

மாமா டையோடு இரண்டையும் போட்டார். ஐசிகளைத் தெரிந்த இடத்தில் வாங்கி மாற்றினார். பாட்டு போடும் பிளேயர் எங்களிடம் பேட்டரியில் ஓடுகிறது. மிக்சர் அணைந்திருக்கும்போதும் அதிலிருந்து சிக்னல் ஐசிக்குள் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் இதே பூட்டைக் கிளப்பும் என்று அந்த இன்புட்டில் வரிசையாக, கரண்டை மட்டுப்படுத்த, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்த்தார். அன்றிலிருந்து எத்தனை முறை கரண்ட் போய் வந்தாலும் ஒருமுறைகூட ஊமையாகவில்லை.

நீங்கள் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெபிலைசர் இல்லாமல் போடச் சொல்லி, மைனஸ் லைனை மீட்டரில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஏற்கெனவே 7915 மாற்றியிருந்தால் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு டையோடும் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் கரண்டில் போடாமல் எங்கள் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை மாமா வருவார்.