புது .22 றைபிள்: ஒவ்வொரு வெடிக்கும் துடைப்பதா, தொடாமல் விடுவதா?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்குக் கறளைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடித்த கை காயுமுன் அடுத்த கம்பியில் பழுப்பு தெரியும். ரயில் பாதைக்கு அந்தப்புறமிருந்து வரும் காற்று கதவுப் பிணைச்சலையும் விடாது, சைக்கிள் சங்கிலியையும் விடாது. அப்படியொரு வீட்டுக்குத்தான் என் முதலாவது சொந்த றைபிள் வந்தது. செக் நாட்டுத் தயாரிப்பான சீ-செட் 457, போல்ட் (ரவை அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் உருக்குத் தண்டு) இழுத்துச் சுடும் .22; இந்த எண் அங்குலத்தில் சொல்லும் குழல் அளவு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுப்பதும், அதை வருடா வருடம் புதுப்பிப்பதும் தனிக்கதை. இங்கே பேச வந்தது அதற்குப் பிறகு வரும் கேள்வியை: புதுத் துவக்கை எப்படிப் பழக்குவது, எப்படித் துடைப்பது?

சுடுதளத்தில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் பள்ளிக்கூடக் கடேற் காலத்தில் .303 இராணுவ றைபிள் பிடித்த பெரியவர். "தம்பி, முதல் பத்துக்கும் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலைத் துடையும். அதுக்குப் பிறகு ஐந்து வெடிக்கு ஒருக்கா. அப்பதான் குழல் படியும்" என்றார். மற்றவர் பல வருடமாக 50 மீட்டரில் படுத்துச் சுடும் அக்கா. "குழலுக்குள்ள கையே வைக்காதை. குரூப் விரியிற வரைக்கும் சுட்டுக்கொண்டே இரு" என்றார். குரூப் என்பது தாளில் வெடிகள் சேர்ந்து விழும் கூட்டம். இரண்டு பேரும் என்னைவிட நன்றாகச் சுடுபவர்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று புரியாமல் இரண்டையும் செய்து பார்க்கத் தொடங்கினேன். நல்ல வேளையாக, நண்பர் ஒருவரும் அதே மாதிரி றைபிளை அதே காலத்தில் எடுத்திருந்தார்.

சண்டையே இல்லாத ஒரு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். புதுத் துவக்கு தொழிற்சாலையிலிருந்து வரும்போது கறள் பிடிக்காமல் இருக்க உள்ளும் புறமும் எண்ணெய் பூசி வரும். அதோடு சுடக்கூடாது. மகஸினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, ரவை அறை வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் போல்ட்டை வெளியே எடுங்கள். கரைப்பான் நனைத்த துணித்துண்டு இரண்டு, அதன் பின் உலர்ந்த துண்டுகள். கடைசித் துண்டு ஏறக்குறைய வெள்ளையாக வந்தால் போதும். என்னுடையதில் மூன்றாவது துண்டுவரை சாம்பல் நிறத்தில் எண்ணெய்க் கசடு வந்தது. பழைய பருத்தி வேட்டியைக் கழுவிக் காயவைத்துச் சிறு சதுரங்களாக வெட்டினால், கடையில் பொதி பொதியாக விற்கும் துண்டுகளைவிட நன்றாகவே வேலை செய்யும்.

இனி பழக்கும் விஷயம். பெரியவர் சொன்ன முறை வெறும் நம்பிக்கை அல்ல, அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணம் வேறு துவக்குக்கு உரியது. .303 போன்ற பெரிய ரவைகளின் குண்டுக்கு மேலே செம்புக் கலவை உறை இருக்கும். புதுக் குழலின் உள்ளே, வெட்டுக் கருவி விட்ட மெல்லிய கீறல்களில் அந்த உறை உரசி, செம்பு படியும். படிந்த செம்பின் மேல் இன்னும் செம்பு ஏறாமல், ஒவ்வொரு வெடிக்கும் துடைத்துவிட்டால் குண்டே அந்தக் கீறல்களை மெல்ல வழவழப்பாக்கிவிடும் என்பதுதான் அந்த முறையின் கணக்கு. பெரிய துவக்குகளில்கூட இதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

.22 லோங் றைபிள் ரவையின் கதை வேறு. 1887இல் வந்த இந்த ரவையில் குண்டு மெத்தென்ற ஈயம். வழக்கமான எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். அதன் வெளிப்புறத்திலேயே மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும், விரலில் ஒட்டும். சில வேக ரவைகளில் செம்புப் பூச்சு உண்டு, அதுவும் மெல்லிய மினுக்கம்தான். அழுத்தத்தையும் பாருங்கள்: .303க்கு அனுமதிக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல், .22க்கு 24,000. பாதி அழுத்தத்தில், மெழுகு பூசிய ஈயத்தைத் தள்ளி உருக்கை வழவழப்பாக்க முடியாது. பத்து வெடியில் மட்டுமல்ல, ஆயிரம் வெடியிலும் முடியாது. இந்தக் குழல்கள் பல்லாயிரம் வெடிக்கு நின்றுபிடிப்பதற்கும் அதுதான் காரணம்.

அப்படியானால் புது .22 குழல் முதல் நாளில் அலைந்து சுடுவதும், பிறகு அடங்குவதும் ஏன்? அங்கே நடப்பது தேய்மானம் இல்லை, பூச்சு. ஒவ்வொரு குண்டும் தன் மெழுகில் கொஞ்சத்தைக் குழலின் சுவரில் விட்டுப் போகிறது. அந்தப் பூச்சு முழு நீளத்துக்கும் ஒரே சீராக வந்த பிறகுதான் குண்டுகள் ஒரே இடத்துக்குப் போகத் தொடங்கும். வேறு கொம்பனி ரவைக்கு மாறினால் மெழுகும் மாறும். மீண்டும் பத்து இருபது வெடி பொறுக்க வேண்டும். ஒரு பெட்டி ஈலி கொம்பனி ரவை, அடுத்த பெட்டி எஸ்கே கொம்பனி ரவை என்று மாற்றி மாற்றிச் சுட்டுவிட்டு "இந்த ரவை சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அநேகமாக ரவையைச் சோதிப்பதேயில்லை, கலந்த மெழுகைத்தான் சோதிக்கிறார்கள்.

இந்தக் கண்ணால் பார்த்தால், ஒவ்வொரு வெடிக்கும் துடைப்பது படியவேண்டிய பூச்சைப் படியவிடாமல் தடுப்பது. நண்பர் பெரியவர் சொன்னபடி செய்தார். நான் முதல் துடைப்போடு நிறுத்திக்கொண்டேன். அவருடைய முதல் 50 வெடி முழுவதும் தாளில் சிதறிக்கிடந்தது. என்னுடையது ஒரு இருபதுக்குள் அடங்கியது. நான்கு பெட்டி, அதாவது 200 வெடி முடிந்தபோது இரண்டு துவக்கும் ஒரே மாதிரித்தான் சுட்டன. இரண்டு துவக்கை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் அந்த நாள் முழுதும் அவர் குனிந்து கம்பி தள்ளியதில் கிடைத்த லாபம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை முறை கம்பி போய்வந்தால் குழலின் வாய் விளிம்பில் கீறல் விழும் ஆபத்து மட்டும் கூடுகிறது. பழக்கும் விஷயத்தில் என் வாக்கு அக்காவுக்கே.

துடைக்கும் விஷயத்தில் அவரோடு அப்படியே ஒத்துப்போக முடியவில்லை.

பெரியவருக்குத் துடைப்பது ஏன் ஒரு கடமையாகப் படிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பழைய இராணுவ ரவைகளின் தீமருந்தில், அதாவது அடிபட்டதும் பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் மருந்தில், குளோரேற் உப்பு இருந்தது. வெடித்த பின் குழலில் எஞ்சுவது நீரை இழுக்கும் உப்பு. சாயங்காலம் கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் விடியும்போது குழல் பழுத்துவிடும். .303 பிடித்தவர்களின் கைக்கு அந்தப் பயம் பழகியது நியாயம். .22 ரவைகளிலோ 1920களின் பிற்பாதியிலிருந்தே கறள் வைக்காத தீமருந்து வரத் தொடங்கிவிட்டது. இன்று கடையில் வாங்கும் ரவையில் அந்த உப்பு இல்லை. மெழுகுப் பூச்சே குழலுக்கு ஒரு போர்வையாகவும் நிற்கிறது. அதனால் குரூப் விரியும்வரை குழலைத் தொடாதே என்ற அக்காவின் பேச்சு, உலர்ந்த நாட்டில் சுடுபவர்களுக்கு முழுக்கச் சரி.

நாம் இருப்பது கொழும்பில். காற்றின் ஈரப்பதன் வருடம் முழுதும் 80 வீதத்தைச் சுற்றியே நிற்கும் ஊர் இது. ஏறக்குறைய 60 வீதம் தாண்டினாலே வெறும் உருக்கு வேகமாகக் கறள் பிடிக்கத் தொடங்கும். இங்கே அதோடு கடல் உப்பும் சேர்கிறது. மெழுகு படிவது குழலின் சுவரில் மட்டும். போல்ட் முகத்துக்கு, ரவை அறைக்கு, குழலின் வாய்க்கு, வெளிப்புற நீலப்பூச்சுக்கு அந்தப் போர்வை கிடையாது. நான் அக்காவின் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, வைகாசி மழை தொடங்கிய வாரம் சுட்டுவிட்டு, ஸ்பொஞ்ச் வைத்த பையில் துவக்கை அப்படியே மூடி வைத்தேன். வேலை அலைச்சலில் மூன்று கிழமை திறக்கவில்லை. திறந்தபோது குழலின் வெளிப்புறத்தில், ஸ்பொஞ்ச் தொட்டுக்கொண்டிருந்த இடம் நெடுக, மிளகளவில் பழுப்புப் புள்ளிகள். குழலின் உள்ளே ஒன்றுமில்லை! அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் தன் துவக்கை ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் அறையில் வைப்பவர், அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

இன்னொரு விஷயம், குழலைத் தொடாதே என்பவர்கள் பலர் சொல்லாமல் விடுவது. ரவை அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தில், ஒவ்வொரு வெடிக்கும் கரி வளையமாகப் படியும். ஈயமும் மெழுகும் அதில் சேர்ந்து நாளடைவில் சட்டியின் அடிப்பிடிப்புப் போல இறுகிவிடும். ரவை உள்ளே போக முரண்டுபிடிக்கும், குரூப் ஒரு காரணமும் தெரியாமல் விரியும். குழல் தேய்ந்துவிட்டதோ என்று பயப்படவைக்கும் கோளாறு பெரும்பாலும் இதுதான். இதற்கு முழுக் குழலையும் துடைக்கத் தேவையில்லை. கரி கரைக்கும் திரவத்தைத் துண்டில் நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலோன் பிரஷ்ஷால் சில தடவை தேய்த்து, உலர்ந்த துண்டால் எடுத்தால் போய்விடும். நான் 200 அல்லது 250 வெடிக்கு ஒருமுறை செய்கிறேன்.

ஆக, நான் கைக்கொள்வது இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. சுட்ட அன்றே போல்ட் முகம், ரவை இழுக்கும் கொக்கி, ரவை அறை, குழலின் வாய் எல்லாம் துடைக்கப்படும். பழைய பல் பிரஷ் போதும். வெளிப்புறம் முழுவதும் எண்ணெய்த் துணி போகும், ஏனென்றால் விரல்ரேகையின் வியர்வையே இங்கே ஒரே இரவில் தடம் விட்டுவிடும். குழலின் உட்புறம் அடுத்த கிழமையும் சுடுவதென்றால் அப்படியே இருக்கட்டும். பத்து நாளுக்கு மேல் வைப்பதென்றால் மட்டும் ஒரே ஒரு எண்ணெய்த் துண்டு. அடுத்த முறை சுடுமுன் இரண்டு உலர்ந்த துண்டால் அந்த எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.

துண்டைக் குழலுக்குள் தள்ளும் கம்பியா, இழுத்துத் துடைக்கும் இழுகயிறா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. போல்ட்டைக் கழற்றக்கூடிய துவக்குக்கு ஒரே துண்டாலான, பூச்சுள்ள கம்பியும் அதை நடுவில் நிறுத்தும் வழிகாட்டிக் குழாயும்தான். பின்னாலிருந்து தள்ளி, வாயில் துண்டை விழவிட்டு, கம்பியை மட்டும் மெதுவாக இழுக்கவேண்டும். பல கொம்பனிகளின் .22 தீமருந்தில் உரசலுக்காகத் தூளாக்கிய கண்ணாடி சேர்ப்பார்கள். அந்த அழுக்கைத் திரும்பவும் ரவை அறைக்கு இழுத்துவராமல் இருப்பது நல்லது. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் மலிவான கம்பி வேண்டாம். அதன் மூட்டுகள் குழலில் உரசும். ரூகர் 10/22 போன்ற அரைத் தானியங்கித் துவக்கு வைத்திருப்பவர்களுக்குப் பின்னாலிருந்து கம்பி விட வழியில்லை. அவர்களுக்கு இழுகயிறுதான் பொருத்தம், வாயில் சரிந்து உரசாமல் நேராக இழுக்கவேண்டும். புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலோன் நூலின் ஒரு முனையைச் சூடாக்கிக் குமிழாக்கி, துண்டைக் குத்தி இழுத்தாலும் அதே வேலைதான். கடைக் கயிறு ஒவ்வொரு முறையும் பழைய அழுக்கையே சுமந்துவரும் என்பதால், எனக்கு இந்த நூல்தான் மேலாகப் படுகிறது.

எண்ணெய்களைப் பற்றிச் சுருக்கமாக. ஹொப்பேஸ் 9 போன்ற பழைய கரைப்பான் ஈயத்துக்கும் கரிக்கும் போதும். செம்பைக் கரைக்கும் அமோனியாத் திரவத்துக்கு .22இல் வேலையே இல்லை. பலிஸ்டோல் துடைக்கவும் காக்கவும் இரண்டுக்கும் உதவும். தையல் மெஷின் எண்ணெய் போல்ட் ஓட நல்லது, மழைக்காலக் காவலுக்கு மெல்லியது. டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், ஆனால் இந்தக் காற்றில் நீண்டநாள் நிற்காது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், காலப்போக்கில் கெட்டுப்போகும்.

துடைத்து முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தக் கறுப்பு முழுவதும் ஈயம் கலந்தது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் விளையாட்டே கூடாது.

ஸ்பொஞ்ச் பையை நான் இப்போது சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் வழிக்கு மட்டும்தான் பாவிக்கிறேன். வீட்டில் துவக்கு பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் தனியே நிற்கிறது, ரவை வேறு பூட்டில். கூடவே சிலிக்கா ஜெல் பொதிகளும், புறக்கோட்டையில் வாங்கிய சின்ன ஈரப்பதன்மானியும். முள் 50ஐத் தாண்டினால் பொதிகளைச் சூடாக்கி உலரவைத்துத் திரும்பப் போடுகிறேன். அந்தப் பழுப்புப் புள்ளிகளை எண்ணெயும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு எடுத்தாயிற்று. நீலப்பூச்சில் நாலைந்து இடம் வெளுத்தது வெளுத்ததுதான். சனிக்கிழமை சுடப் போகிறேன்: இரண்டு உலர்ந்த துண்டு தள்ளி, முதல் பத்து வெடியைப் பக்கத்துத் தாளில் விட்டுவிட்டு, பதினோராவதிலிருந்து எண்ணுவேன்.