ஃப்ளூ தடுப்பூசியா, மாத்திரையா?

சேலத்தில் மழைக்காலம் நெருங்கினாலே வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது.

செலவு: வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசிக்கு வருடா வருடம் பணம். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரைக்கு நோய் வந்தால் மட்டும்.

நேரம்: ஊசி பலன் தர சுமார் 2 வாரம். மாத்திரையை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இறங்கி டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அங்கே இருப்பவர்களுக்கு ஊசிதான் என்பேன்.

கோழி வளர்க்கிறீர்களா? இந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் மனித வைரஸும் பறவை வைரஸும் ஒரே உடலில் கலந்து புதிய வைரஸ் உருவாகும் வாய்ப்பைக் குறைக்கும்; அதனால் போட்டுக்கொள்ளுங்கள்.

முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளிக்கு ஊசி. அப்புறமும் காய்ச்சல் வந்தால், டாக்டர் சொல்லும் மாத்திரையைத் தாமதிக்காமல் தொடங்குங்கள்.