கிராண்ட் காஸில் "நாலு கடை சுவைச்சுற்று" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கரீபியனில் சென் மார்ட்டின் தீவுக்குப் போக இருக்கிறவர்கள், அதிலும் கனடாவிலிருந்து வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

தீவின் வடக்குப் பக்கம் பிரான்சுக்கும் தெற்குப் பக்கம் நெதர்லாந்துக்கும் உரியது. நடுவில் சோதனைச் சாவடி கிடையாது. பிரெஞ்சுப் பக்கத்தில் இருக்கும் கிராண்ட் காஸ் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர். கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய வீதி, அது முழுக்க உணவகங்கள். ஒரே இடத்தில் வயிறு நிறையச் சாப்பிடாமல், கடைக்கு ஒரு அப்பிடைசர் என்று நடந்து நடந்து ருசி பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எங்கள் திட்டமும் அதுதான்.

வீதித் தொங்கலில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பிளாஸ்டிக் உறையிட்ட தாளோடு நின்றார். நாலு உணவகம், ஒவ்வொன்றிலும் ஒரு அப்பிடைசர், ஒரு குடிவகை, ஆளுக்கு 55 அமெரிக்க டொலர், காசாக முன்பணம். நல்ல மரியாதையாகக் கதைத்தார். மாமியிடம் "அம்மா, நீங்கள் நடக்கக் கஷ்டப்படத் தேவையில்லை, எல்லாம் கிட்டத்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெயரும் ஆள் எண்ணிக்கையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, அந்தத் துண்டே போதும் என்றார்.

முதல் கடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்பிட்ட கொட் மீனை மாவில் பிசைந்து பொரிக்கும் அக்ரா, எங்கள் சின்னப் போண்டா அளவில், வெளியே மொறுமொறு என்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. பக்கத்தில் உறைப்பான மிளகாய்ச் சோஸ். மாமி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. இரண்டாவது கடையில் துண்டைப் பார்த்தவர்கள் உள்ளே போய்க் கதைத்துவிட்டு வந்து, எல்லோருக்கும் சேர்த்து நண்டு ஓட்டுக்குள் அடைத்துச் சுட்ட ஒன்றே ஒன்றை வைத்தார்கள். ஒரு ஓடு, ஒரு கரண்டி. குடிவகை "அதில் சேராது" என்றார்கள்.

மூன்றாவது கடையில் அந்தத் துண்டை யாருக்கும் தெரியாது. நாலாவது கடை பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் தாளோடு நின்றவரைக் காணவில்லை.

பிள்ளைகளுக்குப் பசி. அதனால் மூன்றாவது கடையிலேயே இருந்தோம். வாசலில் பெரிய எழுத்தில் "1 யூரோ = 1 டொலர்" என்று பலகை இருந்தது. அந்த வீதியில் பல கடைகளில் இதைக் காணலாம். யூரோவின் பெறுமதி டொலரைவிடக் கூட என்பதால் டொலர் வைத்திருப்பவருக்கு அது உண்மையான சலுகைதான். ஆனால் காசாகக் கொடுத்தால் மட்டும். கடனட்டை என்றால் யூரோ கணக்குத்தான். இதை வாசலில் யாரும் சொல்லவில்லை, பில் வந்த பிறகு சொன்னார்கள்.

மெனுவைத் திறக்க முதலே வெயிட்டர் "இன்றைக்கு லொப்ஸ்டர் சலாட் நல்லது, சின்ன அப்பிடைசர்தான்" என்றார். அது மெனுவில் இல்லை. பில்லில் 100 கிராமுக்கு இவ்வளவு என்று நிறை போட்டு வந்தது. அந்தத் தீவில் லொப்ஸ்டரை நிறைக்கு விற்பது வழக்கம். சமைக்க முதல் நிறுத்துக் காட்டி விலை சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம்தான். எங்களுக்குத் தராசைக் காட்டவில்லை, சலாட் என்றுதான் சொன்னார்கள்.

பில்லின் அடியில் கையால் 15 வீதம் சேவைக் கட்டணம் எழுதியிருந்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மெனுவின் கடைசி வரியில் "சர்வீஸ் கொம்பிரி" என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிய பிறகு மனேஜர் வந்து 15 வீதத்தை வெட்டினார். லொப்ஸ்டரில் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். கடனட்டை மெஷினை வெயிட்டர் தன் பக்கம் திருப்பி வைத்து, ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டுத்தான் இரகசிய இலக்கம் போட நீட்டினார். வெளியே வந்த துண்டில் தொகை கனடிய டொலரில் இருந்தது. வெளிநாட்டு அட்டை என்றால் மெஷின் "யூரோவா, கனடிய டொலரா" என்று கேட்கும். கனடிய டொலரைத் தெரிவு செய்தால் மாற்று வீதத்தை வங்கி தீர்மானிக்காது, மெஷின் நடத்தும் கம்பனி தனக்கு இலாபம் வைத்துத் தீர்மானிக்கும். தெரிவு செய்யும் உரிமை அட்டைக்காரருக்கே என்பது விசா, மாஸ்டர்கார்ட் இரண்டின் விதியும். மெஷினை உங்கள் கையில் வாங்குங்கள், யூரோவை நீங்களே அழுத்துங்கள். கனடிய டொலரில் துண்டு வந்துவிட்டால் அந்த இடத்திலேயே இரத்துச் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டோம், "மெஷின் விடாது" என்றார்கள். அது பொய். இரத்துச் செய்ய முடியும்.

இதற்காகக் கிராண்ட் காஸுக்கே போகாமல் விடாதீர்கள். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி அந்த வீதியை உருக்குலைத்துப் போட்டது. அதிலிருந்து எழும்பிக் கடை நடத்துகிற நேர்மையான சனம் அங்கே நிறைய. அதே வீதியில் கடற்கரைப் பக்கம் "லோலோ" என்கிற திறந்தவெளிச் சுடுகடைகள் இருக்கின்றன. அடுத்த நாள் பின்னேரம் அங்கே போனோம். விலை பலகையில் எழுதியிருந்தது, கண் முன்னால் கரியில் விலா இறைச்சி சுட்டார்கள், ஜொனி கேக் என்கிற சின்ன ரொட்டியைச் சூடாகத் தந்தார்கள். பில்லும் பலகையில் இருந்த விலைதான். ஒரு கடையில் ஆட்டுக் கொலம்போ வாங்கினோம். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து 1850களில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளோடு போன கறி அது. அதைச் சாப்பிட்ட பிறகுதான் மாமியின் முகம் தெளிந்தது.

ஊர் திரும்பியதும் மெனுவின் படம், பில், கடனட்டை மெஷினில் வந்த துண்டு மூன்றையும் வைத்து வங்கியில் முறைப்பாடு கொடுத்தேன். சம்மதமில்லாமல் நாணயம் மாற்றியது முறைப்பாட்டுக்கு உரிய காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். தாளோடு நின்றவருக்குக் காசாகக் கொடுத்ததற்கு வங்கி எதுவும் செய்ய முடியாது.