கேள்வித்தாளா, போனா, பழைய நில ஆதாரமா? பாட்டாவிடம் குடும்பக் கதை கேட்க எது தோது

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் இடிப்பது ஆண்டுக் கணக்கு. "நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க பாட்டா?" என்று கேட்டால், "ஆயிரத்து நூற்றுப் பத்து மக்கா" என்பார். அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி பிறந்து டிசம்பர் முடிவதற்குள் என்றால் 824 கூட்ட வேண்டும். இந்த மாதிரி பதிலைத் தாங்குகிற வழி எது, தாங்காதது எது என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அச்சடித்த கேள்வித்தாள் தாங்காது. பெயர், பிறந்த ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை என்று அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். வம்ச மரம் வரைய அது போதும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவே அதிகம். ஆனால் 'பிறந்த மாநிலம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? பாட்டா பிறந்தது அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1969-இல் அதன் பெயர் தமிழ்நாடு ஆனது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, மேலே இருந்த பெயர் மாறிக்கொண்டே வந்த கதைக்குக் கேள்வித்தாளில் ஒரு வரிதான் இடம்.

நோட்டா, போனா என்றால் போன்தான். நோட்டில் எழுதும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே இருக்கும்; சொல்கிறவருக்கு யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாது. அதோடு, நம் பேச்சைப் பிள்ளைகள் எழுதும்போது பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுகிறார்கள். ஒலிப்பதிவில் பாட்டாவின் குரல் அப்படியே நிற்கும். தொந்தரவு பிறகுதான்: ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலு மணி நேரமாவது ஆகும். தானாக எழுதித் தரும் செயலிகள் குமரிப் பேச்சைக் கொத்திக் குதறி வைக்கும், நம்ப வேண்டாம். ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர் மட்டும் பக்கத்தில் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் எழுத்துப்பிழை குறையும். நடுவில் அழைப்பு வராதபடி போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவே வேண்டாம்.

வீடியோ எனக்கு ஒத்துவரவில்லை. கேமராவைக் கண்டதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து மேடைப் பேச்சு பேசுகிறார்கள். ரப்பர் பால் வெட்டுவது, ஓலை முடைவது என்று கைவேலையைக் காட்டும்போது மட்டும் எடுக்கலாம்.

தனியாகக் கேட்பதா, எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்பதா என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். கூட்டத்தில் ஒருவர் தப்பாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார், அது லாபம். ஆனால் 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்: அப்போது பிறந்தே இருக்காத சித்தப்பாதான் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். பாட்டி வாயே திறக்க மாட்டார். அவர் அடுக்களையில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோல் உரிக்கும்போது தனியாகப் போய் உட்கார்ந்தால், அன்றைக்கு யார் வீட்டில் யார் ஒளிந்திருந்தார்கள் என்பது வரை வரும். முதலில் தனித்தனியாக, கடைசியில் ஒருமுறை கூட்டமாக என்பதே என் கட்சி.

எல்லாவற்றையும் விட முக்கியம், கையில் என்ன வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பது. "உங்க சின்ன வயசு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு "கஷ்டம்தான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கல்யாணப் போட்டோவை நீட்டினால் பின்வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சில் வருவார்கள். அதற்கும் மேல், டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் ஆதாரம், அதாவது பழைய நிலப் பத்திரம். மலையாள எழுத்தில் இருப்பதால் தமிழ்ப் பள்ளியில் படித்த பேரப்பிள்ளைக்கு அது வெறும் கோடு. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று வாசிப்பார். வடக்கு எல்லையில் நின்ற அயனி மரம், விலை பேசிய சக்கரம் (28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்), கையெழுத்துப் போட்ட சாட்சி என்று ஒவ்வொன்றிலும் நிறுத்தி ஒரு கதை சொல்வார். வாசிக்கும் பாட்டா இல்லாத வீட்டில், களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் படிக்கும் அத்தை மகனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அவன் வாசித்துச் சொல்வான். பேட்டியில் அவனும் சேர்ந்த மாதிரி ஆச்சு.

போட்டோவைவிட ஆதாரத்தில் வம்பு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெட்டியைத் திறந்ததுமே "பாகம் கேட்கவா வந்திருக்கே?" என்று பெரியப்பா முறைக்கக்கூடும். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லி, பெரியவர் கையாலேயே எடுக்க வையுங்கள். சர்வே எண், தீராத பாகப்பிரிவினைச் சண்டை இரண்டும் பள்ளிக்குக் கொடுக்கும் பிரதியில் வேண்டாம். பதிவின் முழு நகல் வீட்டில் ஒன்று, பாறசாலைக்கு ஒன்று.